மூன்று மணி நேரத்தில் இரண்டு கட்டுரை



தேர்வறையில் கட்டுரையை விரைவாக எழுதுவது எப்படி, படிக்கும்படி எழுதுவது எப்படி என்பதே இன்றைய பொருள். பொதுவாகப் பேசினால் பொருள் நழுவிவிடும். ஆகவே ஒரே ஒரு தாளை எடுத்துக்கொள்ளலாம். அது மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் கட்டுரைத் தாள். 1993இல் இந்தத் தாள் வந்தது. 2013 வரை மூன்று மணி நேரத்துக்கு ஒரே கட்டுரை; 2014 முதல் இரண்டு. தாளில் இரண்டு பிரிவுகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் நான்கு தலைப்புகள். பிரிவுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுத வேண்டும். கட்டுரைக்கு 1000 முதல் 1200 சொல், 125 மதிப்பெண். தரவரிசைக்குக் கணக்கில் வரும் எழுத்துத் தேர்வு மதிப்பெண் 1750. அதில் 250, அதாவது ஏழில் ஒரு பங்கு, இந்த ஒரு காலைப்பொழுதில் இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் எட்டாம் அட்டவணை மொழிகளில் எதில் வேண்டுமானாலும் எழுதலாம். தமிழிலும் எழுதலாம்.

தேர்வு முடிந்து வெளியே வருபவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "நேரம் போதவில்லை, கை ஓடவில்லை." உண்மையில் கைதான் ஓடவில்லையா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு கட்டுரைக்கும் சேர்த்து அதிகபட்சம் 2400 சொல். நேரம் 180 நிமிடம். நிமிடத்துக்குச் சுமார் பதின்மூன்று சொல்தான் வருகிறது. மறுநாள் நடக்கும் பொது அறிவுத் தாளை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதில் இருபது கேள்விகள். பத்துக் கேள்விக்கு 150 சொல், பத்துக் கேள்விக்கு 250 சொல். ஆக மொத்தம் 4000 சொல். அதே மூன்று மணி நேரம். நிமிடத்துக்கு இருபத்திரண்டு சொல் வருகிறது. அன்று காலையும் மாலையும் இரண்டு தாள். அந்த 4000 சொல்லை எழுதி முடிக்கும் அதே கைதான் முந்தைய நாள் 2400 சொல்லுக்குத் திணறுகிறது. அப்படியானால் குறை கையில் இல்லை. கை மெதுவாக ஓடுவதால் நேரம் போவதில்லை. கை நின்று நின்று ஓடுவதால்தான் போகிறது. அடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல் பேனா காற்றில் நிற்கும் நேரம்தான் கட்டுரைத் தாளைத் தின்கிறது. அப்படி இழந்த நேரத்தைக் கடைசி முக்கால் மணியில் ஈடுகட்டப் போகும்போதுதான் கையெழுத்தும் கெடுகிறது. மெதுவும் கிறுக்கலும் இரண்டு நோய்கள் என்று நினைத்து இரண்டு மருந்து தேடுகிறார்கள். நோய் ஒன்றுதான்.

கையெழுத்து கெட்டால் என்ன ஆகும்? தேர்வாணையத்தின் அறிவிக்கையில் இதற்கு ஒரு விதியே உண்டு. எளிதில் படிக்க முடியாத கையெழுத்தாக இருந்தால், தேர்வர் பெறக்கூடிய மொத்த மதிப்பெண்ணில் அதற்காகக் கழிக்கப்படும். அழகான கையெழுத்துக்குக் கூடுதல் மதிப்பெண் என்று எந்த விதியும் இல்லை. படிக்க முடியாவிட்டால் குறையும், அவ்வளவுதான். கேட்பது அழகு அல்ல, தெளிவு. ஆனால் விதிக்கு வெளியிலும் ஒரு நடப்பு உண்டு. ஒரே விடையை நல்ல கையெழுத்திலும் மோசமான கையெழுத்திலும் படியெடுத்துக் கொடுத்தால், நல்ல கையெழுத்துப் படிக்கே கூடுதல் மதிப்பெண் விழுகிறது என்பதைக் கல்வி ஆய்வாளர்கள் 1920களிலிருந்தே கண்டு எழுதிவருகிறார்கள். திருத்துபவர் வேண்டுமென்று செய்வதில்லை. எழுத்தைக் கண்டுபிடிப்பதிலேயே கவனம் போய்விட்டால் கருத்துக்கு என்ன மிஞ்சும்?

பழைய சீனத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். அங்கே அரசுப் பணித் தேர்வு ஆயிரம் ஆண்டுக்கு மேல் நடந்து 1905இல் நின்றது. சோங் அரசர்கள் காலத்திலிருந்து, தேர்வர் எழுதிய தாளை எழுத்தர்கள் வேறு தாளில் படியெடுத்து, அந்தப் படியைத்தான் திருத்துபவரிடம் கொடுத்தார்கள். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துச் சலுகை காட்டக்கூடாது என்பது நோக்கம். மோசமான கையெழுத்துக்காரருக்கு அது கிடைத்தற்கரிய வரமாகவும் இருந்திருக்கும். இன்றைய தேர்வருக்கு அந்த வரம் இல்லை. அவர் எழுதியதைத்தான் திருத்துபவர் படிக்கப்போகிறார்.

சரி, பேனா நிற்காமல் இருக்க என்ன செய்வது? எழுதத் தொடங்கும் முன்பே சொல்லவேண்டியது கையில் இருக்க வேண்டும். வினாத்தாள் கைக்கு வந்த ஐந்தாவது நிமிடத்தில் பக்கத்து மேசைக்காரர் எழுதத் தொடங்கிவிடுகிறார். அந்தப் பேனாச் சத்தம் கேட்டதும் இவருக்கும் பதற்றம் வந்துவிடுகிறது, இவரும் தொடங்கிவிடுகிறார். அது அடுப்பில் உலையை வைத்துவிட்டு அரிசி வாங்கக் கடைக்குப் போவதற்குச் சமம். முதல் அரை மணி நேரம் கட்டுரைப் பக்கத்தில் ஒரு சொல்லும் எழுதாமல் இருக்கும் துணிச்சல்தான் விரைவாக எழுதுவதன் முதல் பாடம்.

அந்த அரை மணியில் முதல் வேலை, இரண்டு தலைப்புகளையும் தேர்ந்துகொள்வது. ஒன்றை எழுதி முடித்துவிட்டு அடுத்ததைத் தேடக்கூடாது. தலைப்பு பிடித்திருக்கிறதா என்பது நல்ல அளவுகோல் அல்ல. பிடித்த தலைப்பு பலமுறை கைவிட்டிருக்கிறது. இரண்டு நிமிடத்தில் அந்தத் தலைப்பின் கீழ் ஐந்து பருப்பொருளான செய்திகளை எழுத முடிகிறதா என்று பார்க்க வேண்டும்: ஓர் இடம், ஒரு சட்டம், ஒரு நிகழ்வு, ஓர் ஆண்டு, ஒரு தொழில். ஐந்து வந்தால் எழுதலாம். "வளர்ச்சி", "விழிப்புணர்வு", "சமத்துவம்" என்று வெறும் சொற்களே வந்தால் அந்தத் தலைப்பை அப்படியே விட்டுவிட வேண்டும். நாற்பதாவது நிமிடத்தில் தலைப்பை மாற்றுபவருக்கு அந்தக் கட்டுரை மட்டுமல்ல, அடுத்ததும் போகிறது.

ஓர் உண்மைத் தலைப்பை வைத்தே பார்க்கலாம். பொருளாதாரச் சிறப்புக்குக் காடுகளே மிகச் சிறந்த பாடம் என்பது 2022ஆம் ஆண்டுத் தாளில் வந்த ஒரு தலைப்பு. பலருக்கும் முதலில் தோன்றுவது என்ன? காடுகளின் பயன்கள். தேன், மரம், மூலிகை, மழை. பள்ளிக்கூடக் கட்டுரை வந்துவிட்டது. தலைப்பு அதைக் கேட்கவில்லை. காடு எப்படி இயங்குகிறது, அந்த இயக்கத்திலிருந்து ஒரு நாட்டின் பொருளாதாரம் எதைக் கற்கலாம் என்று கேட்கிறது. குறிப்புப் பக்கத்தில் இரண்டு பத்தி போட்டுக்கொண்டு, இடப்பக்கம் காடு, வலப்பக்கம் பொருளாதாரம் என்று எழுதினால் வேலை பாதி முடிந்தது. நீலகிரிச் சோலை மழைநீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, மழையில்லாத மாதங்களிலும் ஓடைகளுக்கு மெல்ல விடுகிறது, எதிரே, சேமிப்பு. உதிர்ந்த இலை மட்கி அதே மரத்துக்கு எருவாகிறது. எதிரே, கழிவில்லாத உற்பத்தி. சோலையை அடுத்த புல்வெளிகளில் யூகலிப்டஸும் சீகை மரமும் தோப்பு தோப்பாக நட்டதில் நீரும் உயிரினங்களும் குறைந்தன. எதிரே, ஒரே தொழிலையோ ஒரே ஏற்றுமதிப் பொருளையோ நம்பும் நாடு. 2004 ஆழிப்பேரலையில் பிச்சாவரம் போன்ற அலையாத்திக் காடுகள் இருந்த இடங்களில் பின்னாலிருந்த ஊர்களுக்குச் சேதம் குறைந்தது, எதிரே, இடர்க்காப்பு. 1973இல் இமயமலையில் தொடங்கிய சிப்கோ இயக்கம், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம்; எதிரே, வளம் யாருடையது என்ற கேள்வி.

இத்தோடு நிறுத்திவிட்டால் அது பாராட்டுரை. தலைப்பை மறுக்கும் ஒரு வரியும் குறிப்பில் இருந்தாக வேண்டும். காட்டில் உயர்ந்த மரம் வெயிலை எடுத்துக்கொள்கிறது. அடியிலிருக்கும் செடி காய்கிறது. வலியது மெலியதைத் தின்கிறது. அதையும் பொருளாதாரம் கற்றுக்கொள்ள வேண்டுமா? வேண்டாம் என்றால், நலத்திட்டங்களும் வரிவிதிப்பும் காட்டில் இல்லாத, மனிதன் தானே கண்டுபிடித்த ஏற்பாடுகள் என்று சொல்ல வேண்டிவரும். கட்டுரைக்கு உயிர் இங்கேதான் வருகிறது. ஆறு குறிப்பு, ஒரு முன்னுரை, ஒரு முடிவு. எட்டுப் பக்கத்துக்கு எட்டுச் செய்தி தயார்.

ஏன் எட்டுப் பக்கம்? வரிக்கு ஏழு சொல், பக்கத்துக்கு இருபது வரி எழுதுபவருக்கு ஒரு பக்கம் 140 சொல். எட்டுப் பக்கத்தில் 1120. தேர்வறையில் சொல்லை எண்ணுவது வீண்வேலை. பக்கத்தை எண்ணினால் போதும். அவரவர் எழுத்தின் அளவை வீட்டிலேயே எண்ணி வைத்துக்கொள்ள வேண்டும். தமிழில் எழுதுபவர்கள் இதில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பயிற்சி மையங்களில் சொல்லும் வேகக் கணக்குகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதுபவருக்கானவை. ஆங்கிலத்தில் தனித்தனிச் சொல்லாக நிற்பவை தமிழில் வேற்றுமை உருபாகவும் விகுதியாகவும் ஒட்டிக்கொள்கின்றன. ஆகவே தமிழில் சொல் குறையும். சொல்லின் நீளம் கூடும். ஆங்கிலக் கணக்கைத் தமிழ்க் கைக்குப் போட்டுப் பார்த்துக் கவலைப்படுவதில் பொருளில்லை.

நேரத்தை இப்படிப் பிரிக்கலாம். காலை 9 மணிக்குத் தொடக்கம். 9.10க்குள் இரண்டு தலைப்புகள். 9.30 வரை முதல் கட்டுரைக்குக் குறிப்பு. 10.25 வரை எழுத்து. ஐந்து நிமிடம் படித்துப் பார்த்தல். 10.30 முதல் 10.50 வரை இரண்டாவதற்குக் குறிப்பு. 11.50 வரை எழுத்து. மிச்சம் பத்து நிமிடம் படித்துத் திருத்த. இந்தக் கணக்கில் 55 நிமிடத்தில் 1100 சொல், நிமிடத்துக்கு இருபது. மறுநாள் தாள் கேட்கும் வேகத்தைவிடக் குறைவு. ஆனால் இந்தப் பிரிவினையில் ஒரு முனை மட்டும் அசையக்கூடாது. அது 10.30. முதல் கட்டுரை நன்றாக வருகிறது என்பதற்காக 11 மணி வரை எழுதுபவர்கள் மிகப் பலர். இரண்டாவது கட்டுரைக்கும் அதே 125 மதிப்பெண்தான். 10.20 ஆகிவிட்டால் எந்தக் கருத்து பாக்கியிருந்தாலும் முடிவுப் பத்திக்குப் போய்விட வேண்டும்.

அடுத்தது வாக்கியம். தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. பேச்சில் இது தொல்லையே இல்லை. அவசர எழுத்தில் இதுதான் பெரிய குழி. "காடுகள் அழிக்கப்படுவதனால் ஏற்படும் மழைக் குறைவின் காரணமாக ஆறுகள் வறண்டு விவசாயம் பாதிக்கப்படுவதை உணர்ந்த மக்கள்" என்று ஒரு தேர்வர் எழுதிக்கொண்டே போகிறார். இங்கே வந்ததும் பேனா நிற்கிறது. மக்கள் என்ன செய்தார்கள்? சொல்ல வந்தது அரசைப் பற்றி அல்லவா? மேலே போய்ப் படிக்கிறார், இரண்டு வரியை அடிக்கிறார், மறுபடி எழுதுகிறார். ஒரு நிமிடம் போயிற்று; பக்கமும் அசிங்கமாயிற்று. "காடு அழிந்தது. மழை குறைந்தது. ஆறு வறண்டது. அரசு விழித்துக்கொள்ளப் பத்தாண்டு ஆயிற்று." இதில் நிற்க இடமே இல்லை. எல்லா வாக்கியமும் இப்படி நறுக்குத் தெறித்தாற்போல் இருக்க வேண்டும் என்பதில்லை. வாக்கியத்தைத் தொடங்கும்போதே அதன் முற்று மனத்தில் இருக்க வேண்டும். அது இல்லாத நீள வாக்கியத்தைத் தொடங்கவே கூடாது.

இன்னொரு வழக்கம் கையை வீணாக உழைக்க வைக்கிறது. அரசு அறிக்கைத் தமிழ். "ஆய்வு மேற்கொள்ளப்பட்டு வருகிறது" என்பதில் பதினேழு எழுத்து. "மேற்கொள்ளப்பட்டு" என்ற ஒரு சொல்லில் மட்டும் நான்கு புள்ளி. நான்கு முறை கை தூக்க வேண்டும். "ஆய்கிறார்கள்" என்றால் ஏழே எழுத்து. பத்து எழுத்து மிச்சம், பொருளில் ஒரு குறையும் இல்லை. யார் ஆய்கிறார்கள் என்ற கேள்விக்கு இடமும் கிடைக்கிறது. "நடவடிக்கைகள் எடுக்கப்பட வேண்டிய அவசியம் ஏற்பட்டுள்ளது" என்று எழுதுபவர் "அரசு செய்ய வேண்டும்" என்று எழுதிப் பார்க்கட்டும். எட்டுப் பக்கத்தில் இப்படி முப்பது இடம் வந்தால் அரைப்பக்கம் மிஞ்சும். சொல் சிக்கனத்துக்கும் ஒழுங்கான, துல்லியமான வெளிப்பாட்டுக்கும் மதிப்பு உண்டு என்று தேர்வாணையமே அறிவிக்கையில் சொல்கிறது.

இனி எழுத்துக்கு வரலாம். ஆங்கிலக் கையெழுத்தைப் பற்றிய நூல்கள் கூட்டெழுத்தைப் பற்றி நிறையச் சொல்லும். தமிழுக்கு அவை உதவா. தமிழை எழுத்தெழுத்தாகத்தான் எழுதுகிறோம். அவசரத்தில் எவை கெடும் என்பதும் தமிழுக்கென்றே தனி.

முதலில் கெடுவது புள்ளி. ஓலையில் எழுதிய காலத்தில் புள்ளி வைப்பதில்லை. எழுத்தாணி குத்திய இடத்தில் ஓலை கிழியும் என்ற அச்சம். படிப்பவர் இடம் பார்த்து ஊகித்துக்கொண்டார். தாளில் எழுதுபவருக்கு அந்தச் சாக்கு கிடையாது. "கல்விக் கொள்கை" என்று எழுத வந்தவர் ல் மேல் புள்ளியை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை இந்த அவையில் விளக்க வேண்டியதில்லை. திருத்துபவர் சிரித்துவிட்டுப் போய்விடலாம், போகாமலும் இருக்கலாம்.

அடுத்தது ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும். வேகத்தில் மேல்சுழி போய்விடும், அல்லது வேண்டாத இடத்தில் வந்துவிடும். "பொது" என்பது "போது" ஆகும். "தொகை" என்பது "தோகை" ஆகும். பிறகு துணைக்காலும் ரகரமும். ரகரத்தின் கீழே வரும் சாய்கோட்டை விட்டுவிட்டால் "அரசு" என்ற சொல்லையே படிக்க முடியாது. குடிமைப் பணித் தேர்வுக் கட்டுரையில் அந்தச் சொல் எத்தனை முறை வரும்? மூன்று சுழி ணகரத்தை அவசரத்தில் இரண்டு சுழியோடு விடுபவர் "குடிமைப் பனி" என்று எழுதிவிட்டு நடையைக் கட்டுவார். திகரத்துக்கும் தீகாரத்துக்கும் உள்ள வேறுபாடு விசிறியின் உச்சியில் ஒரு சிறு சுழி. "தீர்வு" என்ற சொல்லைப் பத்து முறை வேகமாக எழுதிப் பார்த்தால் அந்தச் சுழி எந்த முறை காணாமல் போகிறது என்பது தெரியும்.

இவ்வளவையும் திருத்த வேண்டுமா? வேண்டாம். ஒவ்வொருவர் கையிலும் கெடும் எழுத்து மூன்றோ நான்கோதான் இருக்கும். அவற்றை மட்டும் கண்டுபிடித்துத் திருத்தினால் போதும். இருபத்தைந்து வயதில் கையெழுத்தையே மாற்றப் போவது வீண். எழுத்தின் வடிவத்தைவிடச் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே விடும் இடைவெளிதான் படிப்பதற்கு அதிகம் உதவுகிறது. சுமாரான எழுத்து, சீரான இடைவெளி, நேரான வரி, பத்திக்குப் பத்தி ஒரு வரி இடம்: இது தேறும். அழகான எழுத்து, நெருக்கியடித்த சொற்கள்: இது தேறாது. எழுதக்கூடாத ஓரத்தில் ஒரு சொல்லும் எழுதக்கூடாது. தவறு வந்தால் ஒரே கோடு போட்டு அடித்துவிட்டு மேலே போக வேண்டும். தவறான எழுத்தின் மேலேயே சரியான எழுத்தை அழுத்தி எழுதினால் இரண்டையும் படிக்க முடியாது.

பேனாவைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பால்பாயிண்ட் பேனாவுக்கு அழுத்தம் வேண்டும். மூன்று மணி நேரத்தில் விரல் நோகும். ஜெல் பேனா லேசாக ஓடும். மை காயும் முன் கை பட்டால் இழுபடும், மெல்லிய தாளில் மறுபக்கமும் தெரியும். எதுவானாலும் ஆறு மாதம் பழகிய பேனாதான் நல்ல பேனா. தேர்வுக்கென்று புதிதாக வாங்கிய விலையுயர்ந்த பேனாவைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளலாம். பேனாவை இறுக்கிப் பிடிக்காமல், விரலை மட்டும் ஆட்டாமல், முன்கையையும் நகர்த்தி எழுதுபவருக்கு வலி குறையும். பார்வையற்றவர்களுக்கும், எழுதும் கையைப் பாதிக்கும் அளவுக்கு உடல் ஊனமோ பெருமூளை வாதமோ உள்ளவர்களுக்கும் மணிக்கு இருபது நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. தகுதியுள்ளவர்கள் எழுத உதவியாளரும் கேட்கலாம். கூச்சப்பட்டு அதை விட்டுவிடக்கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலே பயிற்சி. படிப்பது கைப்பேசியில், குறிப்பு பி.டி.எஃப்.பில், கேள்வி கேட்பது வாட்ஸ்அப்பில் என்றான பிறகு, பலருடைய கை தேர்வறையில்தான் முதல்முறையாக மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுதுகிறது. கை மட்டுமா பழகவில்லை? தான் எங்கே நிற்கிறோம் என்பதும் தெரியவில்லை. இதற்கு ஓர் எளிய வழி உண்டு. பயிற்சியில் ஒவ்வொரு பக்கத்தையும் முடிக்கும்போது மூலையில் மணியைக் குறித்துவிட வேண்டும். முதல் பக்கம் பதினான்கு நிமிடம், இரண்டாவது ஆறு, மூன்றாவது ஆறு, நான்காவது பதினொன்று, கடைசிப் பக்கம் நான்கு என்று வந்தால், எங்கே பேனா நின்றது, எங்கே ஓட்டம் பிடித்தது என்பதை அந்த எண்களே சொல்லிவிடும். முதல் பக்கத்தில் நின்றால் முன்னுரை தயாராக இல்லை. நான்காவதில் நின்றால் குறிப்பில் செய்தி தீர்ந்துவிட்டது. இரண்டுக்கும் மருந்து, வேகமாக எழுதிப் பழகுவது அல்ல.

ஆகவே இங்கே வந்திருப்பவர்கள் ஒன்று செய்ய வேண்டும். பழைய வினாத்தாள்கள் தேர்வாணையத்தின் தளத்தில் இருக்கின்றன. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்குக் கைப்பேசியை அணைத்துவிட்டு, ஏதாவது ஓர் ஆண்டின் தாளை எடுத்து, 12 மணி வரை இரண்டு கட்டுரைகளையும் எழுதி முடியுங்கள். பக்கத்துக்குப் பக்கம் மணியைக் குறியுங்கள். பிறகு, தேர்வுக்குப் படிக்காத ஒருவரிடம், அம்மாவிடமோ தம்பியிடமோ, இரண்டாவது கட்டுரையின் கடைசி இரண்டு பக்கங்களைக் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தில் எல்லாம் பென்சிலால் வட்டம் போடுங்கள். எடுத்துச் சொல்லிக் கொடுக்காதீர்கள். திருத்துபவர் பக்கத்தில் நீங்கள் இருக்கப்போவதில்லை.